சிங்களம் தெரியாதென்று சொல்லச் சொன்னேன்

உடையார்கட்டு,
18.02.2001

அன்பு மகள் ராஜினிக்கு அப்பா எழுதுவது. முருகன் புண்ணியத்தில் நானும் அம்மாவும் தங்கச்சியும் எழும்பி நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் அந்தக் குவைத் வீட்டில் வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறோம். கையில் சூடுபட்ட இடம் ஆறிவிட்டதா, அதைப் பற்றி ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தாய், நீ ஒன்றுமில்லை என்று எழுதினால்தான் எனக்குப் பயமாயிருக்கிறது. தங்கச்சியை மட்டும் இங்கே அனுப்பிப் போடாதீங்க அப்பா என்று கடைசியில் எழுதினாயே, அந்த வரியை அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டவில்லை, ஆனால் அவள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டாள்.

சுமித்திரா பிடிவாதக்காரி என்று உனக்குத் தெரியும். சம்பளமில்லாமல் பாலர் பள்ளியில் படிப்பித்தது போதும், இந்த மாதத்துக்குள் ஒரு வேலை கிடைக்காவிட்டால் நானும் அக்காவிட்ட போறன், ஏஜென்சிக்காரரிட்ட கேட்டிட்டன் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். நான் கத்தினேன், அம்மா அழுதாள், அவள் அசையவில்லை. அந்த நேரம்தான் சங்கக்கடைச் சுவரில் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள், புதுக்குடியிருப்பில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் வேலைவாய்ப்பு ஒன்றுகூடல், வெளிநாட்டு உதவி நிறுவனங்களும் உள்ளூர்ச் சங்கங்களும் ஒரே நாளில் மேசை போட்டு இருந்து ஆட்களை எடுக்கப் போகிறார்கள் என்று. போதும் சாமி என்று நினைத்தேன், அவள் இங்கேயே இருந்துவிடுவாள்.

அதற்குப் பிறகு வீட்டில் பட்ட பாட்டைக் கேட்காதே. போட்டோக் கொப்பி எடுக்க வழியில்லை, சான்றிதழையெல்லாம் அவளே கையால் பார்த்தெழுதி, சமாதான நீதவான் செல்வநாயகம் ஐயாவிடம் முத்திரை குத்திக்கொண்டு வந்தாள். விமலேஸ்வரி ரீச்சர் தன் நீலச் சேலையை இரவல் கொடுத்தா, அதைச் சிரட்டைக்கரிப் பெட்டியால் அம்மா தேய்த்துத் தேய்த்து, எங்கே ஓட்டை விழுந்துவிடுமோ என்று எனக்கு நடுக்கம். மாலையில் கதிரையைப் போட்டு அம்மாவை அதிகாரியாக இருத்தி ஒத்திகை பார்த்தோம். அம்மா கேட்ட முதல் கேள்வி, ஒங்க வீட்டுல ஆடு எத்தனை. சுமித்திரா விழுந்து விழுந்து சிரித்தாள், நான்தான் ஏசினேன், இது விளையாட்டா என்று. என்னென்ன கேட்பார்கள், எதற்கு எப்படிச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுத்தேன். அதில் ஒன்று, சிங்களம் தெரியுமா என்று யாராவது கேட்டால் ஒரு சொல்லும் தெரியாதென்று சொல்.

ஏன் சொன்னேன் என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை. இரத்தினபுரிப் பக்கத் தோட்டத்தை விட்டு எண்பத்து மூன்று கலவரத்தில் ஓடிவந்து இந்தக் காட்டை வெட்டிக் குடியேறினதிலிருந்து உங்களுக்கு நான் சொன்னது அதுதானே. இந்த மண்ணில் அந்தப் பாஷை வாயில் வந்தால் இவன் யார், எங்கேயிருந்து வந்தவன் என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நாங்கள் வந்த சனம், எங்களுக்கு அது தேவையில்லை. இப்போதும் சொல்கிறேன், நான் பயந்தது பிழையில்லை.

அன்று விடியவே அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன், சேலை சங்கிலியில் மாட்டாமல் அவள் ஒரு கையால் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அங்கே போனால் திருவிழாச் சனம். கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பட்டதாரிப் பிள்ளைகள், ஆங்கிலம் பேசுகிற பெடியன்கள், என் பிள்ளை கையெழுத்துக் கொப்பியோடு நிற்கிறாள். துண்டு கொடுத்து ஆளுக்கு மூன்று மேசை என்றார்கள். தகப்பன்மார் வெளியே வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். உரக்கடை ஏரம்புவும் அங்கே நின்றான், அவனுடைய மருமகளும் வேலைக்கு வந்திருந்தாள். நான் மண்டப வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் சுமித்திரா வெளியே வந்தாள். முதல் மேசையில் கணக்கு வேலைக்கு ஆள் வேண்டுமாம், இவள் அது படிக்கவில்லை. இரண்டாவதில் மோட்டார் சைக்கிள் ஓடத் தெரிய வேண்டுமாம். மூன்றாவது என்னாச்சு என்றேன். கண் சிவந்துபோய் என்னைப் பார்த்தாள். இங்கேயிருந்து கடும் நோயாளரை வாகனத்தில் ஏற்றி, ஆமிச் சோதனைத் தடை தாண்டி, வவுனியா ஆஸ்பத்திரியில் சேர்க்கிற நிறுவனமாம், கூடப்போக ஒரு பொம்பிளைப் பிள்ளை வேணுமாம். சிங்களம் தெரியுமோ எண்டு முதலாவதாக் கேட்டவை, நீங்கள் சொல்லித் தந்தபடி தெரியாதெண்டு சொன்னன், அதுதானப்பா அந்த வேலையே என்றாள்.

மகளே, பழி என் தலையில்தான் என்று விளங்கியது. திரும்பிப் போய்ச் சொல்லு என்றேன், மாட்டன், பொய்க்காரி எண்டு சொல்லுவினம், நான் அக்காவிட்டையே போறன் என்று சைக்கிளை நோக்கி நடந்தாள். உன் கடிதத்து வரி நினைவுக்கு வந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமலே மண்டபத்துக்குள் புகுந்தேன். துண்டு கொடுக்கிறவன் கையைப் பிடித்தான், உதறினேன். மூன்றாவது மேசையில் கதிர்காமநாதன் என்ற அதிகாரியும், நரைத்த தலையோடு ஒரு தாதி அம்மாவும் இருந்தார்கள். அவர் நிமிர்ந்து பார்க்காமலே, ஐயா வெளியில நில்லுங்கோ, பிள்ளையள் மட்டுந்தான் என்றார். தமிழில் என்ன சொன்னாலும் இந்த மனுசர் நம்பப்போவதில்லை என்று தோன்றியது, வாயைத் திறந்தேன், சிங்களம் வந்தது. பதினேழு வருடம் வாயில் வராதது, சத்தமாகவே வந்தது. என் மகளுக்கு இந்தப் பாஷை தெரியும், ஒன்பது வயது வரை இதில்தான் விளையாடினாள், தெரியாதென்று சொல்லச் சொன்னது நான், குற்றம் என்னுடையது என்றேன். அத்தனை கண்ணும் என் முதுகில்.

திரும்பிப் பார்த்தால் சுமித்திரா எனக்குப் பின்னால் நிற்கிறாள். கதிர்காமநாதன் ஐயா பேனாவை வைத்துவிட்டு, முதல் கேள்விக்கே பொய் சொன்ன பிள்ளையை நம்பி நான் எப்பிடி நோயாளியை அனுப்புறது, தங்கச்சி, நீங்களே சொல்லுங்கோ என்று கேட்டார். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஐயா, எங்கட தோட்டத்து லயத்து வீடுகளைக் கொளுத்த வந்தவையும் இந்தப் பாஷையிலதான் கத்தினவை, தங்கட வீட்டுக்குப் பின்னால எங்களை ஒளிச்சு வைச்சுக்கொண்டு, இஞ்ச ஒருத்தரும் இல்லை எண்டு சொல்லி அனுப்பின கடைக்கார அம்மாவும் இந்தப் பாஷையிலதான் சொன்னவா, ரெண்டும் எனக்கு விளங்கினது, அப்பாவுக்கு முதல் ஆக்களின்ர சத்தம் மட்டும்தான் இப்பவும் கேக்குது என்றாள். ராஜினி, உனக்கு அப்போது பன்னிரண்டு வயது, உனக்கு நினைவிருக்கும், இவளுக்கு நினைவிருக்கும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அங்கேயே நின்று அழுதுவிட்டேன், வெட்கமென்ன இதில்.

தாதி அம்மா அவளைக் கதிரையில் இருத்திச் சிங்களத்தில் நாலைந்து கேள்வி கேட்டா. எங்கே நோகிறது, எப்போது சாப்பிட்டீர்கள், இந்த அம்மாவை மறித்துச் சுணக்காமல் விடுங்கள் என்று ஆமிக்காரனிடம் எப்படிக் கேட்பாய். சுமித்திரா சொல்லச் சொல்லத் தாதி அம்மாவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. இவள் பேசுவது ஒன்பது வயதுப் பிள்ளையின் சிங்களமாம், பெரிய மனுசர் சொல் ஒன்றும் இல்லையாம், எங்களை விடேன் என்று அழுகிற பிள்ளை கேட்கிற மாதிரியே கேட்கிறாளாம். பரவாயில்லை, இப்பிடிக் கேட்டா அவங்களுக்கும் மறிக்க மனம் வராது, மிச்சத்தை நான் பழக்கிறன் என்று சொல்லிவிட்டா. கதிர்காமநாதன் ஐயா, ஒரு மாதம் பாப்பம், இன்னொரு பொய் வந்தால் அதோட சரி என்றார்.

வெளியே வந்ததும் ஏரம்பு நேரே என்னிடம் வந்தான். சரி, தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். அவன் சட்டைப் பைக்குள்ளிருந்து சிங்களத்தில் எழுதின ஒரு மருந்துத் துண்டை எடுத்து, ஆண்டியப்பன், உனக்கு இவ்வளவு வடிவாச் சிங்களம் வருமெண்டு இவ்வளவு நாளும் சொல்லேல்லையே, இதில என்ன எழுதியிருக்கு எண்டு ஒருக்காப் பார் என்கிறான். எனக்குப் பேசத்தான் வரும், வாசிக்க வராது என்றேன். சீ, என்ன மனுசன் நீ என்று போய்விட்டான். எல்லாரும் அவனைப் போல இருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை, இரண்டொருவர் பார்த்த பார்வை வேறு மாதிரித்தான் இருந்தது.

நாளைக்கு அவளுக்கு முதல் பயணம். வன்னியை விட்டு வெளியே போகிற பாஸுக்குப் பிணையாள் நான்தான், அவள் திரும்பி வராவிட்டால் நான் பதில் சொல்ல வேண்டும், கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். உன்னிடம் வராமல் இங்கேயே இருக்கட்டும் என்றுதானே இவ்வளவும் செய்தேன், கிடைத்த வேலை அவளைத் தடைக்கே கொண்டுபோய் நிறுத்துகிறது. இந்தப் பக்கமும் துவக்கு நீட்டிக்கொண்டு ஆட்கள், அந்தப் பக்கமும் துவக்கு, நடுவில் அவள் நாளைக்குக் கொண்டுபோகிற கர்ப்பிணிப் பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பாள். அம்மா இப்போது குசினியில் அவளுக்குப் புளிச்சாதம் கட்டுகிறாள். அவளோ உள்ளே கண்ணாடிக்கு முன்னால் நின்று சிங்களத்தில் ஏதோ சொல்லிப் பார்க்கிறாள். பிழையாகச் சொல்கிறாள் என்று தெரிகிறது, திருத்தலாமா விடலாமா என்று நான் வாசலில் நிற்கிறேன்.

நீ கையைப் பார்த்துக்கொள், ஈரத்தில் வைக்காதே. தங்கச்சி அங்கே வருவாளோ என்று இனி யோசிக்காதே. எங்கள் குலதெய்வம் உன்னை நடுக்கடலுக்கு அப்பாலும் காக்கும், உன் காலம் முடிந்து சுகமாக எங்கள் முற்றத்துக்கு வந்து சேர். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டால் எப்போது போகுமோ, அதனால் சுமித்திராவின் பையில் வைத்து அனுப்புகிறேன், வவுனியாவில் போடச் சொல்லியிருக்கிறேன். தடையில் பிரித்துப் படித்தால் படிக்கட்டும். நீ இதைக் கையில் வைத்திருந்தால் அவள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அறிந்துகொள். திரும்பி வந்தாளா என்று இதில் இருக்காது, மகளே, அது எனக்கே தெரியாது.

என்றும் உன்னை நினைத்திருக்கும்,
அப்பா
சி. ஆண்டியப்பன்