மாதா வருகிற நாளில் தொண்டை கட்டியவளுக்கு

ஜெசி,

நன்றாகத் தூங்கு. கடவுள் இல்லை என்று கண்டுபிடித்த மேதை சீக்கிரம் எழுந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. சாம்பார் அடுப்பில், அப்பளம் டப்பாவில்.

வீடு வீடாகச் சுற்றும் மாதா சுரூபம் இன்று சாயங்காலம் நம் வீட்டுக்கு வருகிறது. எனக்கு ஸ்ரீரங்கத்தில் டிரெய்னிங். சத்திரம் பஸ் ஸ்டாண்டு வந்து புதூர் பஸ் பிடிப்பதற்குள், ஜெபம் சொல்ல வரும் நம் தெரு அன்பியத்துக்காரர்கள் வாசலில் நிற்பார்கள். கதவைத் திறந்து, சுரூபத்தை இரண்டு கையாலும் வாங்கி மேசையில் வை. முழங்கால் போட வேண்டாம். அதற்காகத்தானே நேற்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய்?

பிலோமினா அக்கா செபிக்க வரவில்லை, நம் சோபா உறையைப் பார்க்க வருகிறாள். நான் மட்டும் என்ன ஒழுங்கு? ஜெபமாலை சொல்லும்போது பாதி நேரம் குக்கர் விசிலைத்தான் எண்ணுகிறேன். எங்களைப் பார்த்துத்தான் உனக்கு நம்பிக்கை போனதென்றால் எனக்கு ஆச்சரியமே இல்லை.

ஜெபமாலையின் கடைசிப் பத்து மணிகளை வீட்டுப் பிள்ளை சொல்வது வழக்கம். உன்னை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாதென்று, உனக்குத் தொண்டை கட்டியிருப்பதாக அக்காவிடம் சொல்லிவிட்டேன். மாதா வருகிற நாளில் பொய்! சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி நான் பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா

சுண்டலுக்கு உப்பு பார். போனில் கத்தாதே, தொண்டை!

இன்னொன்று. அக்கா உனக்காகக் கஷாயம் காய்ச்சிக் கொண்டுவருகிறாளாம். வாடையே தாங்காது. முகத்தைச் சுளிக்காமல் குடி. உனக்காக நான் பாவமே செய்திருக்கிறேன், நீ ஒரு டம்ளர் குடிக்க மாட்டாயாடி?