பச்சைக் கூரைகள்

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய புகைப்படம் வந்து சேர்ந்தது. அத்தான் ஏணியில் நின்று கூரைக்குப் பச்சை பெயின்ட் அடிக்கிறார். தெரு முழுக்க அதே பச்சை. எங்கள் காட்டுத்தீ அபாய வரைபடத்தில் உங்கள் குடியிருப்பு சிவப்பாக வந்ததால், ஆகாயத்திலிருந்து பார்ப்பவனுக்குப் பசுமையாகத் தெரிய வேண்டும் என்று சங்கம் ஒருமனதாகத் தீர்மானித்ததாக எழுதியிருக்கிறாய். ஒருமனதான தீர்மானங்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. யாரும் யோசிக்கவில்லை என்பதற்கு அதைவிட நல்ல சான்று இல்லை.

செயற்கைக்கோள் நம்மைப்போல நிறம் பார்ப்பதில்லை. உயிருள்ள இலை நம் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. இலை வாடினால் அது குறையும். நாங்கள் அளப்பது அதைத்தான். பெயின்ட் கடையில் அது கிடைக்காது. உங்கள் கூரைகள் எங்கள் திரையில் கூரைகளாகவே இருக்கின்றன. கவலை, அவற்றுக்குப் பின்னால் இருக்கும் சரிவு. அங்கே மரங்கள் நிற்கின்றன, அந்த ஒளி இல்லாமல். அதற்குமேல் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் அலுவலகத்திலும் பெயின்ட் வேலைதான். இயக்குநர் புது வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “ஏம்பா, இவ்வளவு சிவப்பு எதுக்கு? பார்க்கிறவன் பயந்துட மாட்டானா?” என்று கேட்டார். பயப்படத்தான் சார் என்றேன். “பயமுறுத்துறது நம்ம துறை இல்லப்பா” என்றார். உங்கள் சரிவு இப்போது ஆரஞ்சு. திங்கள்கிழமை வெளியாகும். அத்தான் அதைப் பார்த்துவிட்டு, பெயின்ட் வேலை செய்துவிட்டது என்று தெருவுக்கே சொல்வார். வெளியேறும் உத்தரவு சிவப்புக்கு மட்டுமே. ஆகவே யாரும் உங்கள் கதவைத் தட்டமாட்டார்கள். அடுத்த வாரம் காற்று உங்கள் பக்கம் திரும்புகிறது.

அத்தானிடம் வாதாட நான் தயாரில்லை. போன தடவை, “உன் தம்பி ஆகாசத்துல இருந்து பார்க்கிறான், நான் ஜன்னல்ல இருந்து பார்க்கிறேன். யாருக்கு நல்லாத் தெரியும்?” என்றாராம். அவர் என் வேலையை நம்பியதில்லை. என்னை விட்டுக்கொடுத்ததும் இல்லை. எனக்கு ஒன்று என்றால் செருப்பைக்கூடத் தேடாமல் கிளம்பி வந்துவிடுவார். எனவே நான் நோயில் படுப்பதாக முடிவு செய்திருக்கிறேன்.

ஞாயிறு காலை என் மனைவி போன் செய்வாள். உன் போனை அத்தான் ஸ்பீக்கரில் போட்டுத்தான் கேட்பார் என்பதால்தான் இதை எழுத்தில் சொல்கிறேன். “அவருக்கு ரொம்ப முடியலை அண்ணி” என்பாள். நீ பதற வேண்டும். வயிற்றுவலி என்றே வைத்துக்கொள்வோம். நெஞ்சுவலி என்றால் அத்தான் வண்டியை வேகமாக ஓட்டுவார்.

வீட்டுப் பத்திரம், உன் மாத்திரைகள், பூனை ஆகிய மூன்றையும் எடுத்துக்கொள். வயிற்றுவலிக்குப் பூனை எதற்கு என்று அத்தான் கேட்டால், தம்பி தேறுவதற்கு நாளாகும் என்று சொல். பக்கத்து வீட்டுக்காரர்களிடம் உண்மையையே சொல்லிவிடு, நம்பினால் கிளம்பட்டும். தெரு முழுவதற்குமாக நான் ஒருவன் படுக்க முடியாது.

அத்தானுக்கு என் வணக்கம். நீ படித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு அக்கா. தயவுசெய்து கொளுத்த மட்டும் வேண்டாம்.

ஞாயிறு முதல் படுக்கையில் காத்திருக்கும்,
உன் தம்பி