மூன்றாம் பாடம் வரை

நாள் 212, 08:15
வியாழனின் நிலா யூரோப்பா, தெற்குப் பனி நிலையம். சமையலறைப் பதிவு. எழுதுவது ஜெனோவா, வயது பதினெட்டு. உள் வெப்பம் 17. தண்ணீர்த் தொட்டி பாதி. மற்ற எட்டுப் பேரும் நேற்று வடக்கு நிலையத்துக்குப் போய்விட்டார்கள். ஊர்தியில் எட்டு இடம்தான். அடுத்த நடையில் நான். அங்கே இருப்பவர்கள் ஸ்வீடன்காரர்கள். அதனால் ஸ்வீடிஷ் தொடங்கியிருக்கிறேன். முதல் பாடம்: என் பெயர், அப்பா பெயர். "யாக் ஹேட்டர் ஜெனோவா. மின் பப்பா ஹேட்டர் சூசைநாதன்." மனசுக்குள் சொன்னால் சரியாக வருகிறது.

நாள் 212, 18:40
நேற்று போன எட்டுப் பேரில் ஒருவரான சமையல்காரர் ரொசாரியோ அண்ணன், வடக்கிலிருந்து வானொலியில்: "ஏட்டி, படிக்கியா? வாயத் தொறந்து சொல்லு. ஒன் சத்தம் ஒனக்கே கேக்காது, இங்க உள்ளவனுக்கு எப்படிட்டி கேக்கும்?"
வகுப்பில் எழுந்து பதில் சொல்லப் பயந்துதான் ஒன்பதாவதோடு நின்றேன். புரியாவிட்டாலும் தலையாட்டிவிடுவேன்.

நாள் 214, 06:50
கீழே பனி பிளந்துவிட்டது. படுக்கையறைப் பக்கம் காற்று கசிகிறது. வானொலிக் கோபுரம் சாய்ந்தது. இனி வடக்கோடு பேச முடியாது. அருகில் வரும் ஊர்தியோடு மட்டும் பேசலாம். மூன்றாம் பாடம் முடித்தேன்.

11:20
ஊர்தி வந்துவிட்டது. ஓட்டி வந்தவர் ஒரு பெண். உடையில் இங்கெலா என்று இருக்கிறது. "வாத் ஹேட்டர் டூ?" பெயர் கேட்கிறார். சொன்னேன். எங்கள் ஊரில் அடுத்த கேள்வி 'யார் மகள்?' அதனால் கேட்கும் முன்பே அப்பா பெயரையும் சொன்னேன். பிறகு நீளமாக ஏதோ கேட்டார், நடுவில் 'பப்பா' என்று வந்தது. புரியவில்லை. "யா" என்றேன். ஆமாம் என்று.

11:31
என்னை ஊர்தியில் உட்காரவைத்து வாரை மாட்டிவிட்டார். தான் மட்டும் மறுபடி உள்ளே ஓடினார். எதற்கு? சுவர் விரிந்துகொண்டே போகிறது.

11:36
வானொலியில் அவர் குரல். "சூசைநாதன்! சூசைநாதன்!"
ஒவ்வொரு கதவாகத் தட்டுகிறார்.
அப்பா தூத்துக்குடியில் இருக்கிறார். உப்பளத்தில்.

11:38
'இல்லை' என்பதற்கு என்ன சொல்? பாடங்களைத் தள்ளித் தள்ளித் தேடினேன். ஒன்பதாம் பாடத்தில் இருந்தது. "பப்பா இன்தே ஹேர்." அப்பா இங்கே இல்லை. சொன்னேன்.
பதில்: "யாக் ஹோர் இன்தே!"
இன்தே. அது மட்டும் புரிந்தது. காதருகே தலைக்கவசத்தைத் தட்டும் சத்தம். என் குரல் அவருக்குக் கேட்கவில்லை.

11:41
கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். கூரை இறங்கியது. அவர் விளக்கு ஜன்னலில் தெரிகிறது. அசையவில்லை.

11:44
வாரைக் கழற்றிவிட்டேன். என் உடையில் ஒன்பது நிமிடக் காற்று. இதைப் படிப்பவர்களுக்கு: உள்ளே இங்கெலா, நான், இரண்டு பேர்தான். படுக்கையறைப் பக்கம், இடமிருந்து மூன்றாவது கதவு. எங்களைத் தேடுங்கள். சூசைநாதன் ஊரில் நன்றாக இருக்கிறார். அவரைத் தேடி யாரும் உள்ளே