ஆதிராவைக் கைக்குழுவில் போட்டிருக்கிறார்கள்

என் தங்கமான அக்காளுக்கு,

நீ போன பிறகும் உன்னிடம் கோபமாகப் பேச வேண்டி வந்துவிட்டது. என் பேத்தி ஆதிராவின் வகுப்பில், ஏதோ கேள்விகள் கேட்டு, கண்ணால் படிப்பவர், காதால் படிப்பவர், கையால் படிப்பவர் என்று பிள்ளைகளைப் பிரித்துவிட்டார்களாம். மற்றவர்கள் புத்தகம் வாசிக்கும் நேரத்தில் இவள் கைக்குழுவில் களிமண் உருட்டுகிறாள். "எனக்கு வாசிப்பு வராது பாட்டி, நான் கைக்குழுல்லா" என்று சிரிக்கிறாள். அந்தச் சிரிப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சின்ன வயதில் நம் வாத்தியார் நம் வீட்டு வாசலில் நின்று அம்மையிடம் சொன்னது நினைவிருக்கிறதா? "மூத்தவளுக்கு கண்ணுல அறிவு. இளையவளுக்கு கையில. இவள பூக்கட்ட விடுங்கோ." அன்றைக்கே அம்மை என் சிலேட்டை எடுத்து உன்னிடம் கொடுத்தாள். நீ வாங்கிக்கொண்டாய். ஒரு வார்த்தை பேசினாயா? செத்துவிட்டாய் என்பதற்காக அதை நான் விட்டுவிடுவேன் என்று நினைக்காதே.

தோவாளைப் பூச்சந்தைக்கு மாலை கட்ட ஆள் குறைந்தபோது நீயும் வந்து உட்கார்ந்தாயே, கண்ணால் பார்த்துப் பார்த்தா கற்றாய்? என்னைப் போலத்தான், வாழைநாரை விரலில் சுற்றி, பிச்சிப்பூவை நசுக்கி நசுக்கி. நானும் பேத்தி எடுத்த பிறகு முதியோர் வகுப்பில் எழுத்தைப் பார்த்து, சத்தமாகச் சொல்லி, எழுதித்தான் படித்தேன். அங்கே எல்லாரும் அப்படித்தான் படித்தார்கள்.

நேற்று பள்ளிக்கூடம் போனேன். டீச்சர் சின்னப் பெண், நல்ல பெண்தான்.

"ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வழி உண்டு பாட்டி."

"நீச்சல காதால கேட்டுப் படிச்ச பிள்ள உண்டா டீச்சரே? பாட்டத் தொட்டுப் படிச்ச பிள்ள?"

"அது பாடத்தப் பொறுத்தது..."

"அதத்தான் நானும் சொல்லுகேன். பிள்ளையப் பொறுத்தது இல்ல. வாசிக்கத் தடுமாறுனா கூடக் கொஞ்சம் வாசிக்க வையுங்கோ. புத்தகத்தப் பிடுங்காதீங்கோ."

"ஆதிராவுக்குக் களிமண் பிடிக்குமே பாட்டி."

"எனக்கும் பூ பிடிக்கும். அதுக்காக?"

 தலைமை டீச்சரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னாள்.

சாயங்காலம் ஆதிராவை மூன்றாம் பாடம் வாசிக்கச் சொன்னேன். தட்டித் தடுமாறினாள். நான் எழுத்தில் விரல் வைத்து எடுத்துக் கொடுத்தேன். "சும்மா இரிங்க பாட்டி, நான் வாசிக்கேன்லா" என்று என் கையைத் தள்ளிவிட்டாள். அந்தத் தள்ளல் எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா?

தலைமை டீச்சர் என்ன சொன்னாலும் சரி. வகுப்பில் அவள் கைக்குப் புத்தகம் வரும்வரை நான் தினமும் அந்த வாசலில் போய் நிற்பேன் அக்கா. இது உனக்கு நான் தரும் வாக்கு.

பாசமும் கோபமும் ஆறாத உன் தங்கை,
பகவதி