காபிக்கு ஒரு தனிக் கட்டம்

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்றைக்கும் அதே கூத்து. ஆற்றுக்கு இந்தக் கரையில் ஒரு வீடு, பாலம் தாண்டி அந்தக் கரையில் ஒரு வீடு, திரும்ப இந்தக் கரை. பனியில் வண்டி ஓட்டியே பாதி நாள் போயிற்று. இருபத்திரண்டு வருடமாக வயதானவர்களின் வீடு வீடாகப் போய்க் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, படுக்கை விரித்துவிட்டு வருகிறேன். யார் எந்த வீட்டுக்குப் போவது என்று இந்தப் பட்டியலைப் போடுகிறவர்கள் ஒரு நாளாவது ஊரின் வரைபடத்தைப் பார்த்திருப்பார்களா?

நான் போகிற வீடுகளில் ஒன்றில் தனியாக இருக்கும் ஹில்டிங்குக்கு வயது தொண்ணூற்றொன்று. பதினைந்து நாளில், தற்காலிக ஆட்களையும் சேர்த்து, பதினான்கு முகம் பார்த்தாராம். "நாளைக்கு யாரு, ராஜாவா வரப்போறாரு?" என்று கேட்டார்.

இரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்றுக்கொண்டிருக்கிறேனே, அது எதற்கு? பட்டியலை நானே போட்டுப் பார்த்தால் என்ன? சோல்வெய்க்கிடம் சொன்னேன். பதினெட்டு வருடமாக என்னோடு இதே சுற்றில் இருப்பவள். "பீத்துணி அலசுற கைக்கு கம்ப்யூட்டர் கேக்குதாக்கும்" என்றாள். சிரித்தேன். சுருக்கென்றும் இருந்தது.

பிப்ரவரி 23, ஞாயிறு

நான் எழுதிய புரோகிராம் ஓடுகிறது! ஒன்பது பேர், அறுபத்தோரு வீடுகள். யார் வீட்டுக்கும் நான்கு முகத்துக்கு மேல் போகாது. பாலத்தை ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் தாண்ட வேண்டும். சமையலறையில் நின்று தனியாகக் கைதட்டினேன். ஐம்பத்து மூன்று வயதில் இது என்ன பைத்தியம்!

சரியான நேரம் வேண்டும் என்பதற்காக எல்லோரிடமும் உண்மையைக் கேட்டு வாங்கினேன். மாத்திரை கொடுக்கப் பதினைந்து நிமிடம் என்று காகிதத்தில் இருக்கிறது. மாத்திரைக்கு ஐந்துதான் ஆகும். மீதிப் பத்தில் உட்கார்ந்து அவர்களோடு காபி குடிக்கிறோம். எல்லோருக்கும் தெரியும், எங்கேயும் எழுதியதில்லை. சோல்வெய்க் சொல்லத் தயங்கினாள். "நம்பு, இனிமே யாரும் அதுல கை வைக்க முடியாதபடி பண்றேன்" என்றேன். காபிக்குத் தனிக் கட்டமே போட்டிருக்கிறேன்: பத்து நிமிடம்.

மார்ச் 3, திங்கள்

எங்கள் மேலாளர் யோவாகிமுக்குப் பிடித்துவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் எனக்கு அலுவலக வேலை. கோடையிலிருந்து நிரந்தரம். ஜன்னலோரம் மேசை. எனக்கு!

மார்ச் 10, திங்கள்

புதுப் பட்டியல் வந்தது. காபிக் கட்டத்தைக் காணோம்.

ஏதோ தவறு என்று நினைத்து யோவாகிமிடம் ஓடினேன், முட்டாள். அவன் குரலை உயர்த்தவே இல்லை. "பிரிச்சுக் காட்டினதே நீங்கதானே ஆனெலி. மாத்திரைக்கு அஞ்சு நிமிஷம் போதும்னு உங்க கணக்குதான் சொல்லுது. இவ்வளவு நாள் இது எனக்குத் தெரியவே தெரியாது" என்றான்.

தெரியாது. ஆமாம், அவனுக்குத் தெரியாது. எப்படித் தெரியும், நான்தானே கட்டம் கட்டிக் காட்டினேன்! யார் கேட்டார்கள் என்னை? எல்லாவற்றையும் ஒழுங்காக, தனித்தனியாக எழுதியே ஆக வேண்டும் என்று எனக்கென்ன வெறி?

மார்ச் 12, புதன்

ஹில்டிங் வீட்டில் இரண்டு கோப்பை, பாலாடைக்கட்டித் துண்டு எல்லாம் எடுத்து வைத்திருந்தார். காபியில் அதைப் போட்டுத்தான் குடிப்பார். மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் குளிர்க்கோட்டை மாட்டிக்கொண்டேன். "உக்காரலையா?" என்றார். நேரமில்லை என்றேன். "உனக்குமா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். வண்டிக்குள் வந்து அழுதேன், அதற்கும் நேரம் ஆயிற்று.

மார்ச் 13, வியாழன்

சோல்வெய்க் பேசினாள்: "உன்கிட்ட போய் உண்மையைச் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்." வேலைக்குப் போக வர இனி அவள் வண்டியில் எனக்கு இடமில்லை.

ஏப்ரல் 24, வியாழன்

அலுவலக நாள். கணக்கில் வழக்கத்துக்கு மாறாக ஏதாவது வந்தால் சிவப்பாகக் காட்டும்படி செய்திருந்தேன். இன்று ஆறு வீடு சிவப்பு. ஆறும் சோல்வெய்க் போகிற வீடுகள். மூன்று வாரமாக, தினமும், "கழிப்பறைக்குப் போக உதவி, பத்து நிமிடம்" என்று பதிந்திருக்கிறாள்.

அதில் ஹில்டிங் வீடும் ஒன்று! உதவுகிறேன் என்று கையைப் பிடித்தால் கைத்தடியாலேயே சாத்துவார் அந்த மனுஷன். சிரிப்பு வந்தது. கெட்டிக்காரி, காபியைத் திருட்டுத்தனமாக உள்ளே கொண்டுவந்துவிட்டாள்.

அப்புறம்தான் உறைத்தது. இந்தச் சிவப்புப் பட்டியல் திங்கட்கிழமை தானாகவே யோவாகிமுக்கும் போகும். அப்படிச் செய்து வைத்ததும் நான்தான். மூன்று வாரம் தொடர்ந்து வந்தால்தான் காட்ட வேண்டும் என்று எழுதியதும் நான்தான். இப்போது அந்தப் பதிவுகளை அழித்தால் அழித்த தடம் இருக்கும்.

ஏப்ரல் 28, திங்கள்

கூப்பிட்டான். ஆறு வரியையும் மஞ்சள் பூசி வைத்திருந்தான். "ரெண்டுல ஒண்ணுதான். ஒண்ணு சோல்வெய்க் பொய் எழுதியிருக்காங்க, அப்படின்னா அவங்களை வெச்சுக்க முடியாது. இல்லைன்னா உங்க புரோகிராம் தப்பு. நாளைக்குச் சொல்லுங்க."

என் புரோகிராமில் தப்பே இல்லை. நூறு தடவை சோதித்திருக்கிறேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே பிசகில்லாத காரியம் அதுதான், சொல்லப்போனால். அந்த மேசை எனக்கு வேண்டும். முதுகு போய்விட்டது, இன்னும் எத்தனை வருடம் ஆட்களைத் தூக்க முடியும்? அவள்தான் என்னோடு பேசுவதே இல்லையே, அவளுக்காக நான் ஏன்?

ஏப்ரல் 29, செவ்வாய்

காலையில் சீக்கிரமே போய், பக்கத்து வரியின் நேரம் தவறான வீட்டில் போய் விழும்படி புரோகிராமில் ஒரு இடத்தில் மாற்றிவிட்டேன். நல்ல துணியில் வேண்டுமென்றே கத்தரி வைப்பது மாதிரி இருந்தது. பிறகு அவன் முன்னால் திரையைத் திருப்பி, "என் தப்புதான், ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான் இருந்திருக்கு. இதுல இருக்கற எந்த நேரத்தையும் நம்ப முடியாது" என்றேன்.

அவன் கோபப்பட்டிருக்கலாம். அன்பாகச் சிரித்தான். "பரவால்ல ஆனெலி. முயற்சி பண்ணீங்களே, அதுவே பெருசு. இதெல்லாம் படிச்சவங்க செய்யற வேலைதானே."

தலையாட்டினேன். ஆட்டினேனே!

மே 14, புதன்

என் புரோகிராமை எடுத்துவிட்டார்கள், மேசையையும். பழைய நேரப்பட்டியலே திரும்பவும். மாத்திரைக்குப் பதினைந்து நிமிடம். பாலம் ஒரு நாளைக்கு ஐந்து தடவை. ஹில்டிங் வீட்டுக்கு நேற்று யாரோ புதிதாகப் போனார்களாம், ஆனால் உட்கார்ந்தார்களாம்.

ஜூன் 5, வியாழன்

சோல்வெய்க் வண்டியை என் பக்கத்தில் நிறுத்தி, "ஏறுடி" என்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு. கொஞ்ச தூரம் போனதும் அவளாகவே ஆரம்பித்தாள். கழிப்பறை உதவி என்று எழுதியதை எல்லாம் சொல்லிச் சிரித்தாள். மாட்டியிருந்தால் வேலை போயிருக்கும் என்றாள்.

"நல்லவேளை, உன்னோடது சரியா வேலை செய்யல, நான் தப்பிச்சேன். மனசுல வெச்சுக்காதடி. எல்லாருக்கும் எல்லாம் வந்துடுமா? நமக்கு இந்த வேலை வருது, அது போதும்" என்று என் முழங்காலைத் தட்டினாள்.

அவ்வளவு பிரியமாகச் சொன்னாள். ஆமாம் என்றேன்.