வலது கைத் தையல்

அண்ணி, நீங்கள் எனக்குத் தைத்துக் கொடுத்த அரக்குச் சிவப்பு ஜாக்கெட் என் மடியில் கிடக்கிறது. நாளை மறுநாள் சபாக்கில் ஒரு கல்யாணம் என்று காலையில் போட்டுப் பார்த்தேன். இடது கை எப்போதும்போல நுழைந்தது. வலது கை பாதியிலேயே பிடித்துக்கொண்டது. போன தீபாவளிக்குக்கூட நன்றாகத்தான் இருந்தது.

"டைட்டா இருந்தா பிரிச்சு விடுங்கம்மா. உள்ள துணி நெறைய இருக்குலா," என்று மகள் சொல்லிவிட்டுக் கைப்பேசியில் மூழ்கிவிட்டாள்.

துணி இருக்கத்தான் செய்கிறது. யாருக்குத் தைத்தாலும் பக்கத் தையலில் இரண்டு விரல் அகலம் உள்ளே விட்டுத்தான் தைப்பீர்கள். "இப்ப குச்சி மாதிரி இருக்க. நாலு தீபாவளி போகட்டும், அப்ப என்னையத்தான் நெனப்ப," என்று கேலி செய்வீர்கள். தையலைப் பிரிக்கக் கத்தரி எடுக்க மாட்டீர்கள். தாலிக்கொடியில் தொங்கும் ஊக்கைக் கழற்றி, அதன் முனையால் ஒவ்வொன்றாக எடுப்பீர்கள்.

கடைசி வருஷம் கோல சிலாங்கூர் வீட்டுக்கு நான் வந்தபோதெல்லாம் ஏதாவது ஒரு ஜாக்கெட்டைப் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். கேட்டால், "ஒடம்பு போட்டுட்டேன்லா. ஒங்க அண்ணன் பாசிர் பெனம்பாங் போயி வாங்கியாற மீனெல்லாம் சும்மா விடுமா?" என்று சிரித்தீர்கள். நாங்களும் நம்பினோம். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மார்பிலிருந்த கட்டி அக்குள்வரை பரவியிருந்தது.

காரியம் முடிந்து உங்கள் துணிமணிகளை எடுத்து வைத்தபோதுதான் கவனித்தேன். எல்லா ஜாக்கெட்டிலும் வலது பக்கம் மட்டும் விளிம்புவரை பிரித்துவிடப்பட்டிருந்தது. இடது பக்கத்தில் முதல் தையல் அப்படியே இருந்தது. உடம்பு போட்டால் ஒரு கை மட்டுமா பெருக்கும்? உங்களுக்குத் தெரிந்திருக்கிறது, அண்ணி. யாரிடமும் சொல்லப் பயந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துவிட்டுச் சமாளித்திருக்கிறீர்கள். அன்றைக்கு உங்கள் ஊக்கை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது எனக்கும் அதே பக்கம். சில நாளாகக் குளிக்கும்போது அக்குளில் கை படாமல் பார்த்துக்கொள்கிறேன். பளுவான பையைத் தூக்கிய வீக்கமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பயமாக இருக்கிறது, அண்ணி. காலையில் ஊக்கைத் தையலுக்குள் நுழைத்தும்விட்டேன். கொஞ்சம் பிரித்துவிட்டால் போதும், கல்யாணத்துக்குப் போய்வந்து அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீங்களும் இப்படித்தான் நினைத்திருப்பீர்கள் என்று தோன்றியதும் ஊக்கை வெளியே எடுத்துவிட்டேன். மகளைக் கூப்பிட்டேன்.

"என்னம்மா, பிரிக்க வரலயா?"

"பிரிக்கலடி. இந்தக் கையப் பாரு."

இரண்டு கைகளையும் மாறி மாறிப் பிடித்துப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. கார் சாவியை எடுத்தாள்.

கையிலிருந்த ஜாக்கெட்டைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் வந்து, இந்தக் கிளினிக்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். உங்கள் ஊக்கு என் தாலிக்கொடியில் இருக்கிறது. நீங்கள் உள்ளே விட்டுத் தைத்த துணியை நான் தொடவில்லை.

என் பெயரைக் கூப்பிடுகிறார்கள். போய்விட்டு வருகிறேன், அண்ணி.