ஜன்னல் சீட்

அன்புள்ள அப்பாவுக்கு,

பூவிழி வணக்கத்துடன் எழுதுவது. மூட்டுவலி மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அசதிதான்.

மனிதருக்குப் பதிலாக ஏஐயே இணையதளங்களைத் திறந்து வேலை பார்க்க ஒரு கருவி இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஏஐக்கு விளக்கி எழுதுவதுதான் இங்கே என் வேலை. எடுத்துக்காட்டாக, 'வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து பாண்டிக்கு பஸ் டிக்கெட் எடு' என்று நம் ஊரையே வைத்து எழுதினேன். பணம் கட்டும் கடைசி பட்டனை அழுத்தும் முன் ஆளைக் கேட்க வேண்டும் என்று எழுத மறந்துவிட்டேன். சோதித்தபோது அது ஆபீஸ் கார்டில் என் பெயருக்கு நிஜமாகவே எடுத்துவிட்டது, ஜன்னல் சீட்.

மேலாளர் சிரித்துவிட்டு, "கேன்சல் பண்ணிடும்மா, இப்ப லீவு கஷ்டம்" என்றார். பண்ணிவிட்டேன்.

மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்குப் போனால் போட்டோ அனுப்புங்கள். அம்மாவிடம் சொல்லி வடகம் கொஞ்சம் கொரியரில் போடுங்கள்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். விட்டுப்போன வரியையும் சேர்த்துவிட்டேன். இனி அது கேட்காமல் என்னை வீட்டுக்கு அனுப்பாது.

உங்கள் மகள்,
பூவிழி